எக்ஸோஸ் போல்ட்டு கழலாமலும் இறுகிப்போகாமலும் இருக்க: தோட்டத்துச் சாலையில் ஓடும் கார்களுக்கு முழுமையான வழிகாட்டி

பேராக்கில் ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் ஓடும் பழைய சாகா, வீரா, கஞ்சில், மைவி கார் எதையாவது ஜெக் போட்டுத் தூக்கி அடியில் பாருங்கள். எக்ஸோஸ் (புகைக்குழாய்) இணைப்பில் ஒரு நட்டு விரலால் சுற்றும் அளவுக்குக் கழன்றிருக்கும். அதே இணைப்பின் இன்னொரு நட்டு துருவில் உருண்டு, ஸ்பானர் பிடிக்க விளிம்பே இல்லாமல் இருக்கும். ஒன்று கழன்றது, மற்றது இறுகியது. ஆனால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். வெப்பம் போல்ட்டின் இழுவிசையைத் தின்றுவிடுகிறது. இழுவிசை போன இணைப்பில் அதிர்வு ஒரு பக்கம் வேலை செய்கிறது, ஈரம் மறுபக்கம் நுழைகிறது. இது புரிந்தால் எந்த நட்டு வாங்குவது, எப்போது முறுக்குவது என்பதெல்லாம் தானாகவே பிடிபடும்.

உள்ளே என்ன நடக்கிறது

போல்ட்டை முறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவில் நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுப்புதான் இரண்டு ஃபிளேஞ்சையும் (குழாய் முனையில் போல்ட்டுத் துளையுள்ள தட்டு) சேர்த்துப் பிடிக்கிறது. 10 மில்லிமீட்டர் (மில்லி) தடிமனுள்ள போல்ட்டை 45 நியூட்டன் மீட்டருக்கு (முறுக்கின் அளவு) முறுக்கினால், தலைக்கும் நட்டுக்கும் இடைப்பட்ட 30 மில்லி பிடிநீளத்தில் அது நீள்வது ஏறக்குறைய 0.06 மில்லிதான். உங்கள் எக்ஸோஸ் முழுதும் நம்பியிருப்பது இந்த 0.06 மில்லியைத்தான். ஃபிளேஞ்ச் முகத்தில் ஒரு துருப் பொருக்கு மிச்சமிருந்து, பிறகு நொறுங்கினாலே அது போய்விடும். கேஸ்கெட் (இரண்டு முகத்துக்கும் நடுவே வைக்கும் கசிவுத் தடுப்பு) முதல் சூட்டில் அமுங்கினாலும் அதில் ஒரு பகுதி போய்விடும்.

இதனால்தான் ‘துருப்பிடிக்காது’ என்று நம்பி எவர்சில்வர் போல்ட்டு போடுபவர்கள் ஏமாறுகிறார்கள். சாதாரண இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் 12 மைக்ரான் விரியும். 304 ரக எவர்சில்வர் 17 மைக்ரான் விரியும். இரும்பு ஃபிளேஞ்சில் எவர்சில்வர் போல்ட்டைப் போட்டு, இணைப்பு 400 டிகிரி சூடேறினால், 30 மில்லியில் வரும் வித்தியாசம் 0.06 மில்லி. முறுக்கிச் சேர்த்த இழுவிசை அத்தனையும் சூட்டிலேயே காணாமல் போகிறது. கார் ஓடும் நேரம் முழுக்க அந்தப் போல்ட்டு வெறுமனே துளையில் தொங்குகிறது. போதாததற்கு எவர்சில்வர் போல்ட்டில் எவர்சில்வர் நட்டைப் போட்டால் மரையும் மரையும் (திருகு வரிகள்) உரசி ஒட்டிக்கொள்ளும்; பாதி வழியில் நின்றுவிட்டால் பிறகு முன்னும் போகாது, பின்னும் வராது.

இறுகுவது ரசாயன வேலை. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவில் உள்ள சந்தில் அது வளர்ந்து ஆப்படித்ததைப் போல நெருக்கிவிடும். நம் பக்கத்தில் இதற்குத் தீனி அதிகம். செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. கடல் உப்பைப் போலவே அதுவும் குளோரைடு உப்பு. ஈரத்தை இழுத்து, துருவை வேகப்படுத்தும். உர மூட்டை ஏற்றும் வண்டியின் அடியிலும், உரம் போட்ட காட்டுச் சாலையில் சேறு வாரிக்கொண்டு வரும் காரின் அடியிலும் இது படியும். பாகான் டத்தோ பக்கமென்றால் கடல் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

உள்ளிருந்தும் துரு வரும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. வீட்டிலிருந்து டவுனுக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் போய்த் திரும்பும் காரில், பின்பக்க மஃப்ளர் (சத்தம் குறைக்கும் பெட்டி) முழுச் சூடு ஏறுவதற்குள் எஞ்சினை அணைத்துவிடுகிறோம். அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். குறைவாக ஓடிய கார்தான் நல்ல கார் என்ற எண்ணம் எக்ஸோஸ் விஷயத்தில் செல்லாது.

எந்த இடத்துக்கு எந்த நட்டு

எக்ஸோஸை மூன்று வட்டாரமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மெனிஃபோல்டு (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்) எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடம் மிகச் சூடானது. உழைக்கும்போது 600 டிகிரியையும் தாண்டும். புகையைச் சுத்தப்படுத்தும் கெட்டலிஸ்டுக்கு முன்னும் பின்னும் உள்ள ஃபிளேஞ்சுகள் அதற்கு அடுத்தவை. நடுக் குழாயும் பின் மஃப்ளரும் குளிர்ந்த வட்டாரம். அங்கே எதிரி வெப்பமல்ல, ஈரம்.

மெனிஃபோல்டு ஸ்டட்டுகள் (தலையில்லாத போல்ட்டுகள்) வெப்பம் தாங்கும் கலப்பு இரும்பில் செய்யப்பட்டவை. அங்கே காருக்கே உரிய உதிரிப்பாகத்தைத் தவிர வேறெதையும் போடாதீர்கள். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 8.8 என்ற வலிமைத் தர முத்திரை போல்ட்டு 300 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். அதன் மேல் பளபளக்கும் துத்தநாகப் பூச்சு 419 டிகிரியில் உருகும். உருகிய துத்தநாகம் உறுதியான இரும்பில் விரிசல் விழச் செய்யும் குணமுள்ளது. அதே 8.8 போல்ட்டு பின் மஃப்ளருக்குத் தாராளமாகப் போதும்.

நட்டில் காசைப் பார்க்காதீர்கள். சூடான இடங்களுக்கு முழு உலோகப் பூட்டு நட்டு வாங்குங்கள். அதன் தலைப்பகுதி லேசாக நசுக்கப்பட்டு, மரை முட்டை வடிவில் இருக்கும். விரலால் இரண்டு மூன்று சுற்று போய், பிறகு ஸ்பானர் கேட்கும். செம்புப் பூச்சு உள்ளது கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. பித்தளை நட்டு இரும்பு ஸ்டட்டோடு துருவில் ஒட்டாது, பிற்பாடு கழற்றவும் சுலபம். ஆனால் மரை மென்மையானது என்பதால் சாதாரண நட்டைவிட உயரமானதாகப் பார்த்து வாங்க வேண்டும். அம்மோனியா உரம் ஏற்றும் வண்டிக்குப் பித்தளை வேண்டாம். அம்மோனியாவும் ஈரமும் சேர்ந்தால் இறுக்கத்தில் இருக்கும் பித்தளை விரிசல் விடும்.

உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு ஏறக்குறைய 120 டிகிரியிலேயே பயனற்றுப் போகும். மரையில் ஊற்றும் பூட்டுப் பசையின் சாதாரண ரகம் 150 முதல் 180 டிகிரி வரைதான் தாங்கும். வெட்டு வைத்த ஸ்பிரிங் வாஷர், சூட்டில் தன் விறைப்பை இழந்து வெறும் தட்டையான வாஷராகிவிடும். மூன்றும் நல்ல பொருள்கள்தாம், எக்ஸோஸின் சூடான பகுதிக்கு மட்டும் ஆகாது.

கடைக்குப் போகும்போது பழைய நட்டைக் கையில் கொண்டுபோங்கள். ஜப்பானிய வழியில் வந்த கார்களில் 10 மில்லி எக்ஸோஸ் மரை பெரும்பாலும் வரிக்கு வரி 1.25 மில்லி இடைவெளி, ஹார்ட்வேர் கடையில் எளிதில் கிடைப்பது 1.5. இரண்டும் முதல் ஒரு சுற்று சேர்ந்து போகும், பிறகு பிடிக்கும். அதைத் துரு என்று நினைத்து ஸ்பானரால் அழுத்தினால் ஸ்டட் மரை நாசமாகும். ஸ்பானர் அளவும் மாறும்: ஜப்பானியப் பாணியில் 8 மில்லி போல்ட்டுக்கு 12 நம்பர், 10 மில்லிக்கு 14 நம்பர், ஐரோப்பியப் பாணியில் 13, 17.

இறுகியதை முறிக்காமல் கழற்றுவது

அவசரம் இருந்தால் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். முதல் நாள் மாலை, எக்ஸோஸ் நன்றாக ஆறிய பிறகு, கம்பித் தூரிகையால் வெளியே நீட்டிய மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். இதை விட்டுவிடுபவர்கள்தாம் அதிகம். நட்டு கழன்று வரவேண்டிய வழியே அதுதான். பிறகு துருவில் ஊடுருவும் எண்ணெயை நட்டின் இரு பக்கமும் அடித்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மறுபடி அடியுங்கள். சூடான எக்ஸோஸில் அடித்தால் தீப்பிடிக்கும். நடுநடுவே நட்டின் தலையில் சிறு சுத்தியலால் தட்டினால் எண்ணெய் உள்ளே இறங்கும்.

மண் தரையில் ஜெக் போடுவதாக இருந்தால் அடியில் தடித்த பலகை வையுங்கள். கார் நிற்க வேண்டியது தாங்கிகளின் மேல். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் நுழைவது உயிரைப் பணயம் வைப்பது. மேலே பார்த்து வேலை செய்வதால் கண்ணாடி அணியாமல் இருக்காதீர்கள். துருப் பொடி நேராகக் கண்ணில்தான் விழும்.

ஆறு முனை சாக்கெட்டையே பயன்படுத்துங்கள். பன்னிரண்டு முனை சாக்கெட்டும், வாய் திறந்த ஸ்பானரும் நட்டின் விளிம்பை உருட்டிவிடும். முதல் அசைவு இறுக்கும் திசையில், மிகச் சிறிதாக இருக்கட்டும். பிறகு கழற்றும் திசையில். இனிக் கையில் வரும் உணர்வைக் கவனிக்க வேண்டும். நட்டு விடும்போது ‘டக்’கென்று ஒரு சத்தம், கம்பிப்பிடியில் சட்டென்று ஒரு தளர்வு, அதன்பின் கரகரவென்று உராய்வு. ஸ்டட் முறியப் போகும்போது சத்தமே இருக்காது. பிடி மெதுவாக, வழுக்கிக்கொண்டு போவதுபோல நகரும். நட்டோடு ஸ்டட்டின் முனையும் சேர்ந்து திரும்புவதைக் காணலாம். இந்த வழுக்கல் தெரிந்த நொடியில் நிறுத்துங்கள். இறுக்கும் திசைக்குத் திருப்பி, வெப்பத்துக்குப் போங்கள்.

வெப்பம் நட்டுக்குத்தான், ஸ்டட்டுக்கு அல்ல. கேஸ் டார்ச்சால் நட்டின் பக்கங்களைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, மங்கிய சிவப்பு வந்ததும் எடுத்துவிடுங்கள். நட்டு விரிந்து துருப் பிடியை உடைக்கும். சற்று ஆறியபின் மரையின் மேல் மெழுகுவத்தியை அழுத்தினால் உருகி உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது கழற்றிப் பாருங்கள். டார்ச்சைப் பற்றவைக்கும் முன் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், சென்சர் ஒயர், அடிப்பூச்சு எல்லாம் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஊடுருவும் எண்ணெயை முதலில் துடைத்துவிட வேண்டும்.

நட்டு நகர்ந்தபின் ஒரே மூச்சில் கழற்றாதீர்கள். அரைச் சுற்று வெளியே, கால் சுற்று உள்ளே. மரையில் அடைந்த துருப்பொடி இப்படித்தான் வெளியேறும். விளிம்பு ஏற்கெனவே உருண்டுவிட்ட நட்டுக்கு வேறு வழி: நட்டை நீளவாக்கில் உளியால் பிளப்பதோ, இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுப்பதோதான். ஒரு நட்டைப் பலி கொடுத்து ஸ்டட்டைக் காப்பாற்றுவது லாபம்.

ஸ்டட் முறிந்துவிட்டால்

வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் ஒரு நட்டை அதன் மேல் வைத்து, நட்டின் துளைக்குள் வெல்ட் செய்து, ஆறும் முன்பே திருப்பிப் பாருங்கள். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். பற்றவைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள், காரின் கம்ப்யூட்டருக்கு அதுதான் பாதுகாப்பு.

உட்பக்கமாக முறிந்தால் நடு மையத்தில் குறி போட்டு, சிறிய துளையில் தொடங்கிப் படிப்படியாகப் பெரிதாக்க வேண்டும். 8 மில்லி, 1.25 மரைக்கு 6.8 மில்லி துளை வரை போகலாம்; 10 மில்லி 1.25-க்கு 8.8, 10 மில்லி 1.5-க்கு 8.5. எஞ்சின் ஹெட் அலுமினியமாக இருந்தால், துரப்பணம் கொஞ்சம் சாய்ந்தாலும் இரும்பை விட்டு விலகி மெல்லிய அலுமினியத்தில் இறங்கிவிடும். அந்த நிலையில் அனுபவமுள்ள போமனிடம் (மெக்கானிக்) விடுவதே நல்லது. முறிந்த ஸ்டட்டுக்குள் திருகிக் கழற்றும் கருவி அதற்குள்ளேயே ஒடிந்தால், அதன் கடினமான இரும்பைச் சாதாரணத் துரப்பண முனை வெட்டாது.

பூட்டும் முறை

ஃபிளேஞ்ச் இரண்டின் முகத்தையும் இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்யுங்கள். பழைய கேஸ்கெட் துணுக்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. ஒரு நேர்கோல் வைத்துப் பாருங்கள். முகம் வளைந்திருந்தால் எந்த நட்டும் அதைக் காப்பாற்றாது, சமப்படுத்தத்தான் வேண்டும். கேஸ்கெட், பூட்டு நட்டு இரண்டும் ஒவ்வொரு முறையும் புதியவை. எக்ஸோஸ் கடையில் வேலை கொடுத்தால், ‘அண்ணே, பழைய நட்டு வேணாம், புதுசே போட்டுருங்க’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழற்றியதையே திரும்பப் போடுவது பல கடைகளில் பழக்கம்.

மரையைச் சுத்தம் செய்ய மரை சீராக்கும் அச்சைப் பயன்படுத்துங்கள். புதிதாக மரை வெட்டும் அச்சு நல்ல இரும்பையும் சீவி எடுத்துவிடும். அதன்பின் மரை ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் ஒட்டாப் பசை: சாதாரண கிரீஸ் இங்கே எரிந்து கரியாகி, மரையை இன்னும் மோசமாகப் பூட்டும். செம்புப் பசை ஏறக்குறைய 1,000 டிகிரி வரை தாங்கும், பெரும்பாலான இணைப்புகளுக்குப் போதும். எவர்சில்வர் பாகம் உள்ள இடத்திலும் மெனிஃபோல்டிலும் நிக்கல் பசை மேல். மரைகளின் பள்ளம் நிரம்பும் அளவுக்கு மெல்லிய பூச்சு. கேஸ்கெட்டின் மேல் ஒரு துளியும் வேண்டாம்.

பசை பூசிய மரையில் உராய்வு குறைவு. அதனால் உலர்ந்த மரைக்குச் சொன்ன முறுக்கைக் கொடுத்தால் போல்ட்டு அளவுக்கு மீறி நீளும். காரின் பழுதுபார்ப்புக் கையேட்டில் உள்ள அளவே முதல் அதிகாரம். அது உலர்ந்த மரைக்கானது என்றால் 20 முதல் 25 விழுக்காடு குறையுங்கள். கையேடு கிடைக்காதபோது, உலர்ந்த நிலையில் 8 மில்லிக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், 10 மில்லிக்கு 40 முதல் 50 என்பது வழக்கமான வரம்பு. டார்க் ரெஞ்ச் (முறுக்கு அளவு காட்டும் ஸ்பானர்) இல்லாமல் கைக்கணக்கில் முறுக்குபவர்கள் 8 மில்லியை அறுத்துவிடுவதும் 10 மில்லியைத் தளர விடுவதும்தான் நடக்கிறது.

எல்லா நட்டையும் முதலில் விரலால் ஏற்றுங்கள். குழாயை முழுக்கத் தொங்கவிட்டு, ரப்பர் கொக்கிகளில் மாட்டி, எங்கும் இழுபறி இல்லாமல் பார்த்தபின்பே முறுக்கத் தொடங்க வேண்டும். மெனிஃபோல்டில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இடமும் வலமும் மாறி மாறி, பாதி முறுக்கு ஒரு சுற்று, முழு முறுக்கு ஒரு சுற்று. இரண்டு போல்ட்டு ஃபிளேஞ்சில் மாறி மாறிச் சிறிது சிறிதாக. இருபக்க இடைவெளியும் சமமாக இறங்குகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

பிறகு எஞ்சினைச் சூடேற்றி, முழுக்க ஆறவிட்டு, மறுநாள் காலை ஒருமுறை டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். ஓரிரு வாரம் கழித்து இன்னொரு முறை. சூடாக இருக்கும்போது முறுக்கினால்தான் நன்றாகப் பிடிக்கும் என்பது தவறான நம்பிக்கை. சூட்டில் இரும்பு மென்மையாகி, உராய்வும் மாறியிருக்கும். ரெஞ்ச் காட்டும் எண்ணுக்கு அப்போது பொருளே இல்லை, மரை அறுவதுதான் மிச்சம்.

ஸ்பிரிங் வைத்த இணைப்பு

முன்சக்கர ஓட்டக் கார்கள் பலவற்றில் மெனிஃபோல்டுக்குக் கீழே இரண்டு ஸ்பிரிங் போல்ட்டுகளும் வளையம் போன்ற கேஸ்கெட்டும் உள்ள இணைப்பு இருக்கும். எஞ்சின் முன்னும் பின்னும் ஆடும்போது குழாய் இங்கே அசைய வேண்டும், அதற்காகவே இந்த அமைப்பு. போல்ட்டின் தோள் முட்டும் வரை முறுக்கினால் போதும். ஸ்பிரிங் முழுக்க நசுங்கி வளையங்கள் ஒன்றோடொன்று தொட்டால், இணைப்பு அசையாது. அந்த ஆட்டம் முழுவதும் அடுத்த போல்ட்டுகளையும் குழாயையும் முறிக்கப் போகும். இந்த இடத்தில் புகை கசிகிறது என்று ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு வெல்ட் செய்து தருவதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புது வளையமும் புது ஸ்பிரிங்கும் போதும்.

போல்ட்டில் குற்றமில்லாதபோது

முறுக்கிய நட்டு மறுபடி மறுபடி கழன்றால் நட்டை மறந்துவிட்டு மேலே பாருங்கள். எஞ்சின் மவுண்ட் ரப்பர் கிழிந்திருக்கிறதா? கியரை நியூட்ரலில் வைத்து ஒருவர் ஆக்ஸிலரேட்டரைச் சற்று மிதிக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று எஞ்சின் எவ்வளவு ஆடுகிறது என்று பாருங்கள். எக்ஸோஸ் ரப்பர் கொக்கி ஒன்று அறுந்தாலும், அந்த எடை அடுத்த ஃபிளேஞ்சில் தொங்கும். காட்டுச் சாலைக் குழிகளிலும் தாமான் வேகத்தடைகளிலும் விழும் ஒவ்வோர் அடியும் அந்தப் போல்ட்டை வளைக்கும். கொக்கிகளை ஒன்று மட்டும் மாற்றாமல் வரிசையாக எல்லாவற்றையும் மாற்றுங்கள். கம்பி கட்டித் தொங்கவிடுவது டவுனுக்குப் போய்ச் சேர மட்டும்.

வெப்பத் தடுப்புத் தகட்டின் 6 மில்லி போல்ட்டுகள் துருவில் துளை பெரிதாகி விழும். அகலமான வாஷர் வைத்துப் பூட்டினால் தீர்ந்தது. தகட்டையே கழற்றி எறிந்துவிடாதீர்கள். காய்ந்த லாலாங் புல்லின் மேல் நிறுத்தும்போது கெட்டலிஸ்டுக்கும் தீக்கும் நடுவே இருப்பது அந்தத் தகடுதான்.

ஆக்ஸிஜன் சென்சரின் மரை 18 மில்லி, 1.5. எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஒயர் நுழையும் வெட்டு வைத்த 22 நம்பர் சாக்கெட்டால் கழற்றுங்கள். புது சென்சரில் பசை ஏற்கெனவே பூசியிருக்கும். பழையதைத் திரும்பப் போட்டால் மரையில் மட்டும் நிக்கல் பசை, முனையில் பட்டால் சென்சர் கெடும்.

கசிவைக் கண்டுபிடிப்பதும் கழுவுவதும்

காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டு, சூடானதும் அடங்கினால் மெனிஃபோல்டு இணைப்பைச் சந்தேகியுங்கள். கசியும் இடத்தில் கேஸ்கெட் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக விசிறிபோல் விரியும் கரிக்கோடு இருக்கும். உறுதி செய்ய, எஞ்சின் அணைந்து ஆறியிருக்கும்போது, காற்றை ஊதும் வேக்குவம் கிளீனரின் குழாயை எக்ஸோஸின் பின் முனையில் துணி சுற்றிப் பொருத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். நுரை பொங்கும் இடமே ஓட்டை.

முன்பக்கக் கசிவை ஒத்திப்போடாதீர்கள். இணைப்பு வழியே காற்று உள்ளே இழுக்கப்பட்டால் சென்சர் தவறாக அளந்து பெட்ரோலைக் கூட்டச் சொல்லும், எரிபொருள் செலவு ஏறும். அதைவிடப் பெரியது கார்பன் மோனாக்சைடு. அதற்கு மணமில்லை, நிறமில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் ஏற்றக் காத்திருக்கும்போது எக்கோனை (ஏசி) ஓடவிட்டு, கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே தூங்குபவர்கள் நம்மிடையே நிறைய. எக்ஸோஸ் கசியும் காரில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் உடனே இறங்கிவிடுங்கள்.

உரம் ஏற்றிய நாளிலும், சேற்றில் ஓட்டிய நாளிலும், காரின் அடிப்பகுதியை வெறும் தண்ணீரால் கழுவுங்கள், ஆனால் எக்ஸோஸ் முழுதாக ஆறியபின். வார்ப்பிரும்பு மெனிஃபோல்டு சூட்டோடு தண்ணீர் பட்டால் விரிசல் விடும். கழுவிய பிறகு சூடேறக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்துங்கள். வாரம் ஒருமுறையாவது டவுனுக்கு வெளியே அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் மஃப்ளருக்குள் தேங்கிய தண்ணீர் ஆவியாகிவிடும். எஞ்சின் எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும், கார் தூக்கி இருக்கும்போதே, கொக்கிகளையும் ஃபிளேஞ்ச் நட்டுகளையும் கையால் அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே நீட்டிய மரைகளைக் கம்பித் தூரிகையால் ஒரு தேய்ப்பு தேய்த்து, செம்புப் பசையை மேலாகப் பூசிவிட்டால், அடுத்த முறை அந்த நட்டைக் கழற்ற டார்ச் தேவைப்படாது.